அடுப்படிக் காற்றும் ஆய்வுகூட மேசையும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்டால், மறைந்த ஆசிரியர்களின் பெருமையையோ, உதைபந்தாட்ட வெற்றிகளையோ எழுதுவதே பழைய மாணவர் வழக்கம். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நாம் காற்றைப் பற்றி எழுத விழைகின்றோம். அதுவும் நால்வகைச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும் வீட்டுக் காற்றைப் பற்றி.

வீதியிலே பஸ் வண்டி கரும்புகை கக்கினால் மூக்கைப் பொத்திக்கொண்டு முறையிடுகின்றோம். வீட்டினுள்ளோ புது வார்ணிசின் வாடை, ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து கசியும் போமல்டிகைட்டு, மண்ணெண்ணெய் ஆவி, நுளம்புச் சுருளின் புகை, விறகடுப்பின் புகையோடு வரும் பென்சீன் ஆகியவற்றையெல்லாம் நாள்தோறும் சுவாசித்தும் வாளாவிருக்கின்றோம். பென்சீனுக்குத் தீங்கற்ற அளவு என ஒன்றைக் குறிக்க இயலாதென உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலிற் கூறியுள்ளது. போமல்டிகைட்டுக்கு அது விதித்த எல்லை, ஒரு கன மீற்றர் காற்றில் 0.1 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவை மூக்கு அளந்து சொல்லுமா? மூக்கு நல்லதொரு காவலாளிதான். ஆயினும் சிறிது நேரத்தில் வாடைக்குப் பழகி உறங்கிவிடும் காவலாளி.

உறங்காத காவலாளி ஒருவனை ஜப்பானியர் கண்டுபிடித்தனர். அந்நாட்டு வீடுகளிலே திரவமாக்கிய சமையல் வாயு பரவப் பரவ, கசிவும் வெடிப்பும் பெருகின. 1962ஆம் ஆண்டில் செய்யாமா என்னும் பேராசிரியர் நாக ஒட்சைட்டுப் படலம் வாயுவை உணர்வதை வெளியிட்டார். அதே ஆண்டில் தகுச்சி என்பவர் வெள்ளீய ஈரொட்சைட்டினால் ஆன உணரிக்கு உரிமம் கோரினார். 1969இல் அதனைச் செய்து விற்பதற்கெனப் பிகாரோ என்னும் நிறுவனமும் எழுந்தது.

அதன் தொழிற்பாடு உயர்தர வகுப்பு மாணவர்க்கு எட்டாததன்று. வெள்ளீய ஈரொட்சைட்டு ஒரு குறைகடத்தி. அதனைச் சிறு சூடாக்கி ஒன்றினால் ஏறத்தாழ 300 பாகை வெப்பத்தில் வைத்திருந்தால், காற்றிலுள்ள ஒட்சிசன் அதன் மணிகளின் மேற்பரப்பிற் படிந்து, உள்ளிருக்கும் இலத்திரன்களைப் பற்றிக்கொள்ளும். மின்னைக் கொண்டுசெல்வார் குறைந்தமையால் மின்தடை உயரும். இந்நிலையில் எதனோலோ பியூற்றேனோ வேறெந்தச் சேதன ஆவியோ வந்து பட்டால், அது அந்த ஒட்சிசனோடு தாக்கமுற்று எரிய, பிடிபட்ட இலத்திரன்கள் விடுபட்டு மீளும். மின்தடை விழும். அவ்வீழ்ச்சியை அளப்பதே கருவியின் வேலை.

குறையும் இவ்விடத்திலேயே உண்டு. எரியக்கூடிய ஆவி எதுவாயினும் இவ்வுணரிக்கு ஏறக்குறைய ஒன்றே. எமது மாத்தளையிலே கறுவாவும் கராம்பும் உலர்த்தும் அறையொன்றில் இதனை வைத்தால், அந்நறுமணத்தையும் நச்சாவியையும் ஒரே தட்டில் நிறுக்கும். மழைக்கால ஈரப்பதனும் அதன் கணக்கைக் குழப்பும்; நாட்செல்லச் செல்ல அளவு வழுவும். சந்தையிற் கிடைக்கும் சில கருவிகள், ஆவிகளை மாத்திரம் உணர்ந்துவிட்டு, ஊகத்தினாற் கணித்த காபனீரொட்சைட்டு அளவைத் துணிந்து காட்டுகின்றன. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தினால் அவ்வெண் எகிறிக் குதிக்கும். இத்தகைய எண்ணை நம்பி அஞ்சுவதும் தவறு, ஆறுதல் கொள்வதும் தவறு.

எனினும் இக்கருவி எமக்கு வேண்டாமென்று சொல்ல எமது மனம் ஒருப்படவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் அடுப்படிகளில் வாயுக் கசிவும் வெடிப்பும் நிகழ்ந்தமை எவர்க்கும் மறந்திராது. அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. புரொப்பேன், பியூற்றேன் கலவை விகிதமும், நாற்றமூட்டுவதற்குச் சேர்க்கும் மேர்கப்டனின் அளவும் நாடெங்கும் விவாதிக்கப்பட்டன. நாற்றம் குறைந்தால் மூக்கு என்ன செய்யும்? ஜப்பானியரின் உணரி பிறந்ததே இத்தகைய ஆபத்துக்காக அன்றோ! அதனைப் பொருத்துவோர் ஒன்றை மனங்கொள்க: இவ்வாயு காற்றிலும் பாரமானது, நிலத்தோடு தேங்கும். ஆகவே உணரி இருக்கவேண்டிய இடம் தரைக்கு அண்மையில். பலரும் எண்ணுவதுபோல் முகட்டின் கீழ் அன்று.

மறு ஆண்டு வாயுவே கிடையாமற் போக, வரிசையில் நின்று களைத்த குடும்பங்கள் விறகுக்கு மீண்டன. தோட்டப்புறத்திலோ மீள்வதற்கு ஒன்றுமில்லை. விறகை விட்டவர் அங்கு எத்தனை பேர்? இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து லயன் காம்பராக்களிலிருந்து எமது கல்லூரிக்கு வந்த மாணவர் பலர். இஸ்தோப்பிலே அமர்ந்து பாடம் படிக்கையில், உள்ளே தாயார் ஊதுகுழலோடு இருமும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். புகையின் நுண்துகளை வெள்ளீய உணரி எண்ணாது. அதற்கு ஒளிச்சிதறலால் அளக்கும் வேறு கருவி வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தாற்றான் அந்த அடுப்படியின் கதை ஓரளவு தெரியவரும்.

விழாக் காலமென்றால் நினைவு வளைவும் பளிங்குப் பலகையும் பேச்சில் அடிபடுவது இயல்பு. அவற்றின் மீது எமக்குப் பகையில்லை. ஆயினும் ஒரு நல்ல உதைபந்தின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் உணரிகளிற் பத்தும், துகளளவிகள் இரண்டும் வாங்கி விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு அளித்தால், பளிங்கின் செலவில் ஒரு மூலைகூட ஆகாது. நம்பகமான கருவியொன்றைப் பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் பெற்று, அதனோடு இவற்றை ஒப்பிட்டுத் திருத்தும் வேலையை மாணவரே செய்யட்டும். அதுதான் உண்மையான பாடம். கருவி காட்டும் எண்ணை ஐயுறக் கற்பது பரீட்சைத் தாளில் வாராதது.

பின்னர் விருப்பமுள்ள வீடுகளின் அடுப்படிகளில், யன்னல் மூடியபோது ஒரு வாரம், திறந்தபோது ஒரு வாரம், புகைபோக்கி வைத்தபின் ஒரு வாரம் என அளந்து எழுதுவார்களாக. குறைகடத்தியின் சரியான அளவு தெரியாவிடினும், அதே இடத்தில் அதே கருவி காட்டும் ஏற்ற இறக்கம் பொய்யாகாது. ஈரப்பதனையும் உடன் குறித்துக்கொள்ளல் வேண்டும். வீட்டாரின் அனுமதியின்றி ஓர் எண்ணும் வெளியே போகலாகாது. வறுமையைக் காட்சிப்பொருளாக்க நாம் பொருள் சேர்க்கவில்லை. கிடைத்த பெறுபேற்றை முதலில் அந்தத் தாய்மாரிடம் தமிழிலே விளக்கிச் சொல்லி, அதன் பிறகே தோட்ட நிருவாகத்திடமும் சுகாதாரப் பரிசோதகரிடமும் கொண்டுசெல்க. ஒரு புகைபோக்கிக்குத் தேவையான தகரத்தின் விலையையும் அந்தத் தாளின் அடியிலேயே எழுதிவிடுவது நன்று.