அரைநாள் துக்துக்கும் நம்ம கோயில் வாசலும்

 

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன மாசம் நம்ம கோயில் குழுவோட பேங்காக் போயிட்டு வந்தோம். மொத்தம் 42 பேர். மூணாவது நாள் காலையில 28 பேர் கடைவீதிக்குப் போனாங்க. 14 பேர் மட்டும் வழிகாட்டியோட துக்துக் ஏறி அரைநாள் ஊர் பார்த்தோம். அந்தப் படங்களைப் புலனத்துல போட்டதும் பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. "கோயில் பயணமா, ஊர் சுத்துற பயணமா?" "வயசானவங்களை மூணு சக்கர வண்டியில ஏத்துறது சரியா?" "காசு தண்டம்." இப்போ அடுத்த வருஷப் பயணத்துல அந்த அரைநாளை எடுத்துடலாம்னு நிர்வாகத்துல பேச்சு நடக்குது. எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல காசு, ஏமாற்று விஷயம். பயப்படுறவங்க பயம் நியாயம்தான். சில வருஷத்துக்கு முன்னாடி நானும் என் மனைவியும் தனியா பேங்காக் போனப்போ நாங்களே ஏமாந்தோம். அரண்மனைப் பக்கம் நடந்து போறோம், நல்லா உடுத்தின ஒருத்தர் வந்து, "இன்னிக்கு மூடியிருக்கு, வேற கோயில் காட்டச் சொல்றேன்"னு சிரிச்சுக்கிட்டே ஒரு துக்துக்கை நிறுத்தினார். கட்டணம் ரொம்ப மலிவு. ஏறி உட்கார்ந்தோம். ஒரு சின்ன கோயில் காட்டிட்டு நேரா கல் நகைக் கடை, அங்கிருந்து தையல் கடை. வாங்கலைன்னதும் ஓட்டுநர் முகம் மாறிடுச்சு. திரும்பி வந்து பார்த்தா அரண்மனை திறந்துதான் இருக்கு! இது அந்த ஊர்ல பழைய கதை. நமக்குத்தான் தெரியலை.

இந்த முறை அப்படி இல்லை. அரசாங்க உரிமம் வாங்கி, அட்டையைக் கழுத்துல மாட்டின வழிகாட்டி அம்மா ஒருத்தர். எங்கெங்க நிறுத்தணும், எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவுன்னு முதல் நாளே பேசி எழுதிக்கிட்டோம். கடைக்கு நிறுத்தக் கூடாதுன்னும் எழுதினோம். துக்துக்குக்கு மீட்டர் கிடையாது, ஏறுறதுக்கு முன்னாடி பேசினதுதான் கணக்கு. நாங்க 14 பேர், வழிகாட்டியோட 15. ஐந்து வண்டி, வண்டிக்கு மூணு பேர். நாலாவது ஆளை ஏத்த விடலை. தொழிற்சாலையில 20 வருஷத்துக்கு மேல ஆட்களை வேலை வாங்குறவன் நான். கை எங்க, கால் எங்கன்னு பார்க்கிறதே என் பிழைப்பு. அதனால சொல்றேன், வண்டியில இடுப்பு வார் இல்லை, பக்கம் திறந்திருக்கு, கம்பியைப் பிடிச்சுக்கணும், கைப்பையை ரெண்டு பேருக்கு நடுவுல வைக்கணும். வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போது கைப்பேசியை வெளியே நீட்டிப் படம் எடுக்கக் கூடாது. ஆஸ்துமா இருக்கிறவங்களுக்குப் புகை ஒத்துக்காது. அவங்களை வேன்ல அழைச்சிட்டுப் போகலாம். இவ்வளவுதான். இதுக்காக அரைநாளையே தூக்கிப் போட வேண்டியதில்லை.

வயசானவங்களைச் சொல்றீங்களே, எங்க கூட வந்ததுல ஆறு பேர் 65 தாண்டினவங்க. பெரிய பஸ்னா உயரப் படி. அதோட பஸ் எங்கேயோ நிக்கும், வெயில்ல நடக்கணும். துக்துக் படி தாழ்வு, வாசல்லயே இறக்கிவிடும். கூரை தாழ்வா இருக்கிறதால குனிஞ்சு பார்க்கணும்னு உயரமானவங்க மட்டும் முணுமுணுத்தாங்க.

காலை 8 மணிக்குக் கிளம்பி முதல்ல பாக் க்லோங் தலாட் பூச்சந்தை. கோயில்ல பூ கட்டுறவங்க ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய இடம். மல்லிகை மொட்டை ஊசியில கோர்த்து, கீழே ரோஜா தொங்கவிட்டு, கை அகலத்துக்குச் சின்னச் சின்ன மாலை. மூட்டை மூட்டையா செவ்வந்தி. நம்ம அக்கா ஒருத்தங்க வழக்கம்போல மாலைக்கு விலை பேச ஆரம்பிச்சாங்க. அந்தப் பூக்காரம்மா கோவிச்சுக்கலை. வாங்கின மாலையோட இன்னொண்ணை எடுத்து அக்கா கையில வச்சு, மேலே காட்டிக் கும்பிட்டாங்க. சாமிக்குன்னு அர்த்தம். அக்கா அதுக்கப்புறம் அன்னிக்கு எங்கேயும் விலை பேசலை.

அடுத்தது வாட் போ. சயன கோலத்துல புத்தர், நீளம் 46 மீட்டர். பாதத்துல முத்துச்சிப்பி பதிச்சு 108 மங்கலச் சின்னங்கள். சுவரோரம் 108 கிண்ணம், ஒவ்வொண்ணுலயும் ஒரு காசு போட்டுக்கிட்டே நடக்கணும். 108 போற்றி சொல்ற நமக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. காசு விழுற சத்தம் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கும்.

இப்போ எனக்கு நடந்ததைச் சொல்றேன். இந்தப் பதிவே அதுக்காகத்தான். அங்கேயே முக்கியமான பிரார்த்தனை மண்டபத்துல எல்லாரும் கீழே உட்கார்ந்தோம். எனக்கு முழங்கால் வலி. தெரியாம ரெண்டு காலையும் நேரா நீட்டிட்டேன், பாதம் புத்தரைப் பார்த்து. அது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. ஒரு பெரியவர், நம்ம மாதிரி கோயில்ல தொண்டு செய்யுறவர் போல, எங்கிருந்தோ வந்தார். சத்தம் போடலை, கை தட்டலை. என் பக்கத்துல வந்து குந்தி உட்கார்ந்து சிரிச்சார். தன் காலைத் தொட்டு, ஒரு பக்கமா மடக்கிக் காட்டினார். நான் முழங்காலைத் தடவினதும் புரிஞ்சுக்கிட்டு எழுந்து போய் ஒரு சின்ன முக்காலி கொண்டுவந்து ஓரமா போட்டார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. என் மானம் அங்கே போகலை.

அப்போ எனக்கு நம்ம கோயில் ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, வெளிநாட்டுக் குடும்பம் ஒண்ணு செருப்போட வாசல்படி ஏறிட்டாங்க. அப்பாவுக்கு அரைக்கால் சட்டை. கூட ஒரு சின்னப் பொண்ணு. நான் கொடிமரத்துக்கிட்ட இருந்தே கத்தினேன். "ஷூஸ்! ஷூஸ்! அவுட்!" உபயம் செய்ய வந்த குடும்பம் முழுக்கத் திரும்பிப் பார்த்தாங்க. அந்தப் பொண்ணு பயந்து அம்மா பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. அப்பா கையை எடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டு, அப்படியே எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டார். கோயில் மரியாதையைக் காப்பாத்திட்டேன்னு அன்னிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நின்னவன் நான். இதைப் பல பேர்கிட்ட பெருமையா சொல்லியும் இருக்கேன். விதியில தப்பு இல்லை, செருப்போட உள்ளே வரக் கூடாதுதான். ஆனா அந்தப் பெரியவரும் அதே விதியைத்தான் காப்பாத்தினார். ஆளையும் சேர்த்துக் காப்பாத்தினார்.

அங்கிருந்து பெரிய ஊஞ்சல். சாவோ சிங் சா என்பாங்க. சிவப்புத் தேக்குத் தூண், 21 மீட்டர் உயரம். முதல்ல 1784ல முதலாம் ராமா அரசர் காலத்துல வச்சது, இப்போ நிக்கிறது 2007ல புதுசா செஞ்சது. அந்தக் காலத்துல சிவபெருமான் பூமிக்கு வரும் நாள்னு விழா எடுத்து, ஆளுங்க ஊஞ்சல்ல நின்னு உயர ஆடி, கம்பத்துல தொங்குற காசுப் பையை வாயால கவ்வுவாங்களாம். 1935க்குப் பிறகு அந்த ஆட்டம் இல்லை. ஆனா பூசை மட்டும் பக்கத்துல இருக்கிற தேவஸ்தான் பிராமணர் கோயில்ல வருஷா வருஷம் இன்னும் நடக்குது. அங்கே சிவன், பிள்ளையார், பெருமாள் மூணு பேருக்கும் தனித்தனி சன்னதி.

வழிகாட்டி அம்மா அந்த விழா பேரைச் சொன்னாங்க: "த்ரியம்பவாய், த்ரிபவாய்." நான் கவனிக்கலை. நம்ம மார்கழி பஜனைக் குழுவுல முன்னாடி நிக்கிற பாட்டிம்மா ஒருத்தங்கதான் துக்துக்ல இருந்தே எட்டிப் பார்த்து, "என்னம்மா சொன்னே? திருவெம்பாவையா? திருப்பாவையா?"ன்னு கேட்டாங்க. வழிகாட்டி திரும்பவும் சொன்னாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மாணிக்கவாசகரோட 20 பாட்டும் ஆண்டாளோட 30 பாட்டும்தான் அது! நாட்டோட அரச சடங்குகளை நடத்தி வைக்கிற அந்தப் பிராமணர்கள் தலைமுறை தலைமுறையா அந்தப் பாட்டை ஓதி வர்றாங்க. நம்ம மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவரா இருந்த தனிநாயகம் அடிகள் இதைப் பத்தி எழுதியிருக்கார். தமிழ் மொழி அவங்ககிட்ட இல்லை, உச்சரிப்பும் மாறிப் போச்சு. ஆனா விடலை.

பாட்டிம்மா வண்டியில உட்கார்ந்தபடியே முதல் பாட்டை மெதுவா பாடினாங்க. சாலைச் சத்தத்துல எங்களுக்கே பாதிதான் கேட்டுச்சு. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திட்டார். வழிகாட்டி கைகூப்பி நின்னாங்க. அர்த்தம் தெரியாம நூத்துக்கணக்கான வருஷமா பாடுறவங்க அங்கே. அர்த்தம் தெரிஞ்சும் மார்கழியில 5 மணிக்கு எழுந்து வர ஆளில்லாம, நம்ம கோயில்ல ஏழெட்டுப் பேர்தான் பாடுறோம் இங்கே. பொங்கல் பிரசாத நேரத்துக்குத்தான் கூட்டம் வருது. இதைச் சொன்னா கோபம் வரும், பரவாயில்லை.

"கோயில் பயணமா, ஊர் சுத்துற பயணமா"ன்னு கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான். பஸ்ல போயிருந்தா அந்த ஊஞ்சல் சன்னல் வழியா ஒரு சிவப்புக் கம்பம், அவ்வளவுதான். மெதுவா போற வண்டி, விளக்கம் சொல்ற ஆள், கேள்வி கேட்க நேரம். இந்த மூணும் இருந்ததாலதான் திருவெம்பாவை எங்க காதுல விழுந்தது.

கடைசியா சீலோம் சாலை மகா மாரியம்மன் கோயில். 1879ல தமிழர்கள் எழுப்பின கோயில், இன்னிக்குக் கும்பிடுறதுல பெரும்பாலும் தாய்லாந்து மக்கள். மாலையும் தேங்காயும் பழமும் தட்டுல ஏந்தி வரிசையில நிக்கிறாங்க. அந்த ஊர்ல இதுக்குப் பேரு "வாட் கேக்". கேக் என்றால் என்னன்னு வழிகாட்டியைக் கேட்டேன். இந்தியர், மலாய்க்காரர் மாதிரி ஆட்களைக் குறிக்கிற சொல், ஆனா நேர் அர்த்தம் விருந்தாளின்னாங்க. விருந்தாளியோட கோயில்ல அந்த ஊர்க்காரங்க வரிசை பிடிச்சு நிக்கிறாங்க. நம்ம கோயிலுக்கு வந்த விருந்தாளியை நான் துரத்தி விட்டிருக்கேன்.

அதனால நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள்.

ஒண்ணு, அடுத்த வருஷப் பயணத்துல அரைநாள் துக்துக் இருக்கட்டும். உரிமம் உள்ள வழிகாட்டி, முன்கூட்டியே எழுதின கட்டணம், வண்டிக்கு மூணு பேர், கடை நிறுத்தம் கிடையாது. விருப்பம் இல்லாதவங்க கடைவீதிக்குப் போகட்டும், அது தப்பே இல்லை. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் கோயில் மண்டபத்துல உட்கார்ந்து, எந்தக் கோயில்ல எப்படி உடுத்தணும், எப்படி உட்காரணும்னு எல்லாருக்கும் சொல்லிடுவோம். எனக்கு நடந்தது வேற யாருக்கும் நடக்க வேண்டாம்.

ரெண்டு, நம்ம கோயில் வாசல்ல ஒரு கூடையில துவைச்ச சாரோங், துண்டு ஒரு பத்து வைப்போம். அரைக்கால் சட்டையோட வந்தா கட்டிக்கக் கொடுப்போம். செருப்பு வைக்கிற இடத்தைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூணுலயும் பெரிசா எழுதி வைப்போம். இப்போ இருக்கிற பலகை தூணுக்குப் பின்னால இருக்கு, நமக்கே தெரியாது. அப்புறம் வந்தவங்களைக் கத்துறது என்ன நியாயம்?

மூணு, நம்ம பிள்ளைங்க நாலு பேருக்குக் கோயில் கதையைப் பத்து நிமிஷம் மலாய்லயும் ஆங்கிலத்துலயும் சொல்லக் கத்துக் கொடுப்போம். கோபுரத்துல யார் யார் இருக்காங்க, பலிபீடம் எதுக்கு, ஏன் வலம் வர்றோம். சுற்றுலா வேன்ல வர்றவங்க இப்போ நம்ம கோயில்ல அஞ்சு நிமிஷம் படம் எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. சொல்ல நம்மகிட்ட ஆளில்லை. கேட்டா எனக்கே பாதிதான் தெரியும். குருக்கள் ஐயாகிட்ட நானும் உட்கார்ந்து கத்துக்கப் போறேன்.

வர்ற சனிக்கிழமையிலிருந்து காலை 9 மணி முதல் 12 வரை வாசல்ல நான் இருப்பேன். சாரோங் கூடைக்கு முதல் அஞ்சு சாரோங் என் மனைவி கொடுக்கிறாங்க. கூட நிக்க விரும்புறவங்க கீழே பேர் போடுங்க. மார்கழி பஜனைக்கு வர்றவங்களும் போடுங்க, பாட்டிம்மா காத்திருக்காங்க.

அந்தக் குடும்பம் எந்த நாடுன்னுகூட எனக்குத் தெரியாது. திரும்பி வர மாட்டாங்க. வர்றவங்ககிட்டயாவது சரியா நடந்துக்குவோம்.

எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கவும். எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் சக்தி. 🙏