கோடிக்குழகருக்குத் துணை

வேதாரண்யத்தில் மறைக்காட்டு ஈசனைத் தரிசிக்கும் அன்பர்கள், அகத்தியான்பள்ளி வழியாகத் தெற்கே கோடியக்கரைக்கும் சென்று வருதல் நலம். சேரமான் பெருமாளுடன் அங்கு வந்த சுந்தரர், கடற்காற்று மோதும் கரையில், ஆந்தைகள் அலறும் காட்டில், குழகர் துணையின்றித் தனித்திருக்கிறாரே என்று மனம் உருகிப் பாடினார்.

அத்தனிமையே இன்று பல்லாயிரம் பறவைகளுக்குப் புகலிடம். 1967-இல் சரணாலயமாகவும், 2002-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அப்பகுதிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. சைபீரியா போன்ற தொலைதேசங்களிலிருந்து சின்னஞ்சிறு உள்ளான்களும் வருகின்றன. சேற்றில் இரைதேடி உடலில் சேர்க்கும் கொழுப்பே, அவை தாயகம் திரும்பும் நெடும் பயணத்துக்குக் கட்டுச்சோறு. படம் எடுக்க நெருங்கியோ, கைதட்டியோ அவற்றை ஒருமுறை எழுப்பிவிட்டாலும் அக்கட்டுச்சோற்றில் ஒரு பிடி குறைகிறது.

ஆகவே, குழந்தைகளுடன் செல்வோர் காலையிலேயே செல்க. தொலைநோக்கி ஒன்றை உடன் கொண்டு, எட்ட நின்றே காண்க. உணவுப் பொட்டலங்களைக் கரையில் எறியாது திரும்பக் கொணர்க. சந்நிதியில் காக்கும் மௌனத்தை நீர்க்கரையிலும் காக்கக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும். சுந்தரர் தேடிய துணையாக இன்று குழகரைச் சூழ்ந்திருப்பவை அப்பறவைகளே. அவற்றுக்கு ஊறு செய்யாது திரும்புவதும் ஈசனுக்குச் செய்யும் வழிபாடே ஆகும்.