அம்மாவின் தவணை அட்டையும் மகளின் கல்விக்கடனும்

நகை வேண்டாம், வீட்டுப் பத்திரம் வேண்டாம், அரசு ஊழியரின் ஜாமீன் வேண்டாம். ஆதார் அட்டையோடு ஐந்தாறு பெண்கள் சேர்ந்து வந்தால் போதும். குழுக்கடன் நம் சேரிகளுக்குள் நுழைந்தது இப்படித்தான். பட்டா இல்லாத, வங்கி மேலாளரின் எதிரே உட்கார ஒரு நாற்காலி கிடைக்காத பெண்களுக்கு அது திறந்த கதவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் 'பிணையில்லாக் கடன்' என்ற பெயரை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பத்திரத்துக்குப் பதிலாக அங்கே அடகு வைக்கப்படுவது அந்தப் பெண்ணின் மானமும், தெருவில் அவளுக்கு இருக்கும் உறவுகளும்தான்.

ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் சென்டர் மீட்டிங் முடியாது. மற்ற பெண்கள் வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வசூல்காரர் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இருக்காது. அவர் கேட்க வேண்டியதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணே கேட்டுவிடுவாள். ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரே கூலியில் வாழும் பெண்களை ஒருவர்மீது ஒருவர் காவல் வைப்பதுதான் இந்த ஏற்பாடு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் ஆகியோர் எழுதி 2023இல் வெளியான 'தி இன்டெப்டட் வுமன்' நூல், குடும்பத்தின் கடனைச் சமாளிப்பதே தலித் பெண்களுக்குக் கூலியில்லாத இன்னொரு வேலையாகிவிட்டதை விரிவாகக் காட்டுகிறது.

கடனும் சாதியும் சேர்ந்து நடப்பது புதிதல்ல. பண்ணையாளாக இருந்த நம் பாட்டன் வாங்கிய நெல்லும் பணமும் அவர் மகன் தலையில் ஏறியது. மகனும் அதே பண்ணையில் மாடு மேய்த்தான். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடன்களை ரத்து செய்தது. ஆனாலும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்படும் செய்திகள் இன்றும் வருகின்றன. அங்கெல்லாம் விலங்கு என்பது முன்பணம்தான். கடன் தலைமுறை தாண்டிப் போவதைச் சட்டம் தடுத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அது வேறொரு வழியில் தாண்டத் தொடங்கியிருக்கிறது. அந்த வழியின் பெயர் கடன் அறிக்கை.

சிபில் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நாம் கட்டிய தவணையையும் கட்டாத தவணையையும் அவற்றுக்கு அனுப்புகின்றன. அம்மாவின் குழுக்கடனும் அதில் ஏறுகிறது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துக் கல்விக்கடன் கேட்கும்போது, அம்மாவோ அப்பாவோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது வங்கி திறந்து பார்ப்பது அந்த அறிக்கையைத்தான். படிப்பைத் தாண்டி வேலை வரைக்கும் இது வருகிறது. கடன் வரலாறு சரியில்லை என்று ஒரு பொதுத்துறை வங்கி தான் தேர்ந்தெடுத்த ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அந்த அறிக்கை எப்போதும் உண்மை பேசுவதில்லை. என் ஆய்வுக்காகச் சென்ற ஒரு காலனியில் ஒரு பெண் கடைசித் தவணை வரை கட்டி முடித்திருந்தார். அவருடைய தவணை அட்டையில் எல்லா வாரத்துக்கும் கையெழுத்து இருந்தது. அறிக்கையிலோ நான்கு தவணை பாக்கி. பணத்தை வாங்கிய ஆள் நிறுவனத்தில் கட்டவில்லை. மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டபோதுதான் இது வெளியே வந்தது. அட்டையின் நகலோடு புகார் எழுதினோம், பதிவு திருத்தப்பட்டது. அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்த ஆண்டு அந்தப் பெண் பஞ்சாலைக்குப் போனாள்.

எனவே, நுகர்வோர் உரிமை என்றால் மிக்சி ரிப்பேருக்கு வழக்குப் போடுகிற நடுத்தர வர்க்க விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கடன்களுக்கு விதிகள் இருக்கின்றன. அவை சேரிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் நெறிமுறைகளை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையின்றித் தரும் கடன் நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதைக் கணக்குப் பார்க்க வேண்டியது கடன் கொடுப்பவரின் பொறுப்பு. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. சம்மதம் இல்லாமல் காப்பீட்டைக் கடனோடு சேர்த்துக் கட்டக் கூடாது. வசூல் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லை செய்வது, பெயரை ஊரறியச் செய்வது எல்லாம் தடை. சென்டர் மீட்டிங்கில் அன்றாடம் நடப்பதை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள்.

இதே நெறிமுறைகள்தான் முன்பிருந்த வட்டி உச்சவரம்பையும் எடுத்துவிட்டன என்பதை மறந்துவிடக் கூடாது. வட்டியை நிறுவனமே தீர்மானிக்கலாம், அநியாய வட்டியாக இருக்கக் கூடாது என்பதே இப்போதைய நிலை. 2024 அக்டோபரில் நான்கு நிதி நிறுவனங்கள் புதுக் கடன் தருவதற்கு ரிசர்வ் வங்கி தடை போட வேண்டியிருந்தது. அவை வசூலித்த அதிக வட்டி அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே மாதம் முதல், வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கடனாளிக்குப் புரிகிற மொழியில் எழுதித் தருவது கட்டாயமாகியிருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதமின்றிப் பிறகு வசூலிக்க முடியாது.

கடன் அறிக்கையை நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். தவறு இருந்தால் புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; தர வேண்டியது வங்கியின் கடமை. பெற்றோரின் மோசமான கடன் மதிப்பெண்ணைக் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று 2020இலும், மாணவரின் மதிப்பெண்ணைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2023இலும் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவை இங்குள்ள வங்கிகளைக் கட்டுப்படுத்தாது என்றாலும், மேலாளரிடம் கொடுக்கும் மனுவில் எழுதலாம்.

நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், அதற்கு 15100. கட்டாய வசூலைத் தண்டிக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத வசூல்காரர், நாலு பேர் பார்க்கச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் அது வாடிக்கையாளர் சேவைக் குறைபாடு அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். அதைக் காவல் நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இதெல்லாம் தொண்டு நிறுவன வேலை, இயக்க வேலையா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய சந்தேகத்தில் நியாயம் உண்டு. சேமியுங்கள், சிக்கனமாக இருங்கள் என்று கூலிக்காரப் பெண்ணுக்கு வகுப்பெடுக்கும் 'நிதி விழிப்புணர்வு' முகாம்கள் கடனுக்கான காரணத்தை அவள் தலையிலேயே கட்டுகின்றன. கூலி போதவில்லை, மருத்துவமனைச் செலவு கழுத்தை நெரிக்கிறது, நிலம் இல்லை. அதனால் கடன். 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அம்பேத்கர், நிலம் அரசுடைமையாக வேண்டும், சாகுபடிக்கான மூலதனத்தை அரசே தர வேண்டும், காப்பீடு அரசின் ஏகபோகமாக வேண்டும் என்று கேட்டார். மூலதனத்தைத் தனியாரின் கையில் விட்டுவிட்டு உரிமை பேச முடியாது என்பது அவருக்குத் தெரியும். தாட்கோ கடன் தகுதியுள்ள எல்லோருக்கும் காலத்தில் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிடக் கூடாது.

அந்தக் கோரிக்கை வெல்லும் வரை மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண் தனியாக இருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற உங்களில் பலர் உங்கள் தெருவின் முதல் பட்டதாரிகள். ஏப்ரல் 14 அன்று நீங்கள் மாலை போடுகிற படிப்பகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். தவணை அட்டைகளை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். கடன் அறிக்கையை எடுத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாததை எழுத்தில் புகாராக்கி, ஒப்புகை எண்ணை வாங்கி வையுங்கள். முதலில், இந்த ஆண்டு ப்ளஸ் டூ எழுதும் பிள்ளைகளின் அம்மாக்களுடைய அறிக்கைகளை எடுங்கள். தேர்வு முடிவு வரும்போது அவை திருத்தப்பட்டிருக்க வேண்டும்.