போன் உங்களுது, பூட்டு யாருது?

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, ஸ்டேட்டஸ் போட்டாச்சு, கேன்டீன்ல ட்ரீட்டும் வெச்சாச்சு. இந்த வருஷம் பிளேஸ் ஆன எல்லாருக்கும் வாழ்த்துகள். இன்னும் சில மாசத்துல ஜாயினிங் மெயில் வரும். சர்டிஃபிகேட், பான் கார்டு, பேங்க் பாஸ்புக்னு ஒரு பெரிய லிஸ்ட் கேட்பாங்க. அதை நீங்க ஒரு தடவை, அப்பா ஒரு தடவை, பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு தடவைன்னு சரிபார்ப்பீங்க. ஆனா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துல இன்னொரு மெயில் வரலாம். ஆபீஸ் மெயிலும் சாட்டும் மொபைல்ல வேணும்னா இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணி, கேட்கிற அனுமதி எல்லாம் கொடுங்கன்னு இருக்கும். அதை மட்டும் யாரும் சரிபார்க்க மாட்டாங்க. கேம் ஆப்புக்குக் கொடுக்கிற மாதிரியே வரிசையா அலவ், அலவ்னு தட்டிட்டுப் போயிடுவோம்.

இந்தக் கட்டுரை அந்த மெயிலைப் பத்தித்தான்.

அந்த ஆப்புக்குப் பின்னாடி இருக்கிற தொழில்நுட்பத்துக்குப் பேர் மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட், சுருக்கமா எம்டிஎம். ஒரு கம்பெனியில ஆயிரம் போனும் டேப்லெட்டும் இருந்தா, அத்தனையையும் ஒரு அட்மின் ஒரே ஸ்க்ரீன்ல இருந்து நிர்வகிக்கலாம். பாஸ்வேர்ட் கட்டாயம்னு சொல்லலாம், ஆப் ஏத்தலாம், எடுக்கலாம், தொலைஞ்சா லாக் பண்ணலாம், தேவைப்பட்டா உள்ளே இருக்கிறதை அழிக்கலாம். மைக்ரோசாஃப்ட்டோட இன்டியூன் இந்த வகைதான். நம்ம சென்னையில இருக்கிற ஸோஹோவும் மேனேஜ்இன்ஜின் என்கிற பேர்ல ஒண்ணு விக்குது. நம்ம பேட்ச்ல சிலர் நாளைக்கு இதே சாஃப்ட்வேரை எழுதுற வேலையில இருக்கலாம். அதனால இதைக் கெட்டதுன்னு சொல்ல வரல.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. நீங்க ஒரு வெளிநாட்டு வங்கியோட ப்ராஜெக்ட்ல இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. ஆபீஸ் மெயில் இருக்கிற போனை எலெக்ட்ரிக் டிரெயின்ல விட்டுட்டு இறங்கிட்டீங்க. அதை எடுத்தவர் கையில இருக்கிறது உங்க போன் மட்டும் இல்ல, யாரோ ஒரு வாடிக்கையாளரோட விவரமும்தான். தூரத்துல இருந்தே அதை அழிக்க ஒரு வழி வேணும்னு கம்பெனி நினைக்கிறது சரியே. என் கேள்வி ஒண்ணுதான்: அந்த அதிகாரம் யாரோட டிவைஸ் மேல இருக்கணும்?

இதைச் சரியாகச் செய்த ஒரு உதாரணம் சொல்றேன். விமான பைலட்டுகள் முன்னாடி எல்லாம் வரைபடமும் மேனுவலும் நிறைஞ்ச ஒரு பையைத் தூக்கிட்டுத்தான் காக்பிட்டுக்குப் போவாங்க. சுமார் 16 கிலோ எடை. 2010-ல ஐபேட் விற்பனைக்கு வந்தது. 2011 டிசம்பர்ல, விமானப் பயணத்தின் எல்லாக் கட்டங்களிலும் ஐபேடைப் பயன்படுத்த அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு அனுமதி கிடைச்சது. 2013-க்குள்ள அந்தக் காகிதப் பையே காக்பிட்டை விட்டுப் போயிடுச்சு. அந்த ஐபேடைக் கொடுத்தது கம்பெனி. அதுல எந்த ஆப் இருக்கணும், எப்போ அப்டேட் ஆகணும்னு முடிவு பண்றதும் கம்பெனி. 2015 ஏப்ரல்ல அந்த வரைபட ஆப்பில் ஒரு கோளாறு வந்து பல விமானங்கள் தாமதமாச்சு. அப்பவும் பதில் சொல்ல வேண்டியது கம்பெனியாத்தான் இருந்தது. நீ ஏன் நல்ல டேப்லெட் வாங்கலன்னு பைலட்டைக் கேட்க முடியாது. கருவியும் அவங்களுது, கட்டுப்பாடும் அவங்களுது, பொறுப்பும் அவங்களுது. கணக்கு நேரா இருக்கு.

இப்போ கணக்கு கோணலான ஒரு உதாரணம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துல வீடு கட்டித் தர்ற ஒரு கம்பெனி. அங்கே வேலை பார்த்த ஒருத்தர் தன் சொந்த ஐபோன்லதான் ஆபீஸ் மெயிலும் பார்த்துட்டு இருந்தார். 2013-ல அவர் ராஜினாமா கொடுத்தார். சில நாள்ல அட்மின் அந்தப் போனைத் தூரத்துல இருந்தே முழுசா அழிச்சுட்டார். ஆபீஸ் விவரத்தோட சேர்ந்து அவரோட சொந்தப் போட்டோ, வீடியோ, தொடர்பு எண்கள் எல்லாமே போயிடுச்சு. அவர் வழக்குப் போட்டார். 2014-ல ஃபெடரல் சட்டங்களின் கீழ் அவர் வைத்த கோரிக்கைகளை நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கே இருந்த சட்டங்கள் ஹேக்கர்களை மனசுல வெச்சு எழுதினவை. அவர் இழந்தது அந்த வரையறைக்குள்ள அடங்கல.

டெக்சாஸ்ல நடந்தது நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். நம்ம வீட்டுப் போனை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நம்மில் பல பேர் வீட்ல ஒரு போன் ஒரு ஆளோட போனா இருக்கிறதில்ல. ரேஷன் கார்டுக்குப் பதிவு பண்ண நம்பர் அதுல இருக்கு. அம்மாவோட பேங்க் ஓடிபி அதுல வருது. தாத்தாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டர்கிட்ட காட்டுறது அந்த கேலரியில இருந்துதான். தங்கச்சி நோட்ஸ் டவுன்லோட் பண்றதும் அதுலதான். அப்படிப்பட்ட போன் ஒரு மதியம் புதுசா வாங்கின மாதிரி வெறுமையா நின்னா, நஷ்டம் கம்பெனியோட கையெழுத்துப் போட்ட உங்களுக்கு மட்டும் இல்ல. எதுலயும் கையெழுத்துப் போடாத நாலு பேருக்கும்தான். பேக்கப் எடுத்து வைங்கன்னு சொல்றது சுலபம். 15 ஜிபி இலவச இடத்துல ஒரு குடும்பமே எவ்வளவு நாள் குடியிருக்கும்?

இதுல வருத்தமான விஷயம், தீர்வு ஏற்கெனவே இருக்கு என்பதுதான். 2014-ல வந்த ஆண்ட்ராய்டு 5.0-லேயே வொர்க் ப்ரொஃபைல் வசதிக்கு அடித்தளம் போட்டுட்டாங்க. ஒரே போன்ல ஆபீஸ் ஆப்கள் தனி அறையில இருக்கும், ஐகான் மேல சின்னதா ஒரு பிரீஃப்கேஸ் படம் தெரியும். அட்மினுக்கு அந்த அறைக்கு மட்டும்தான் சாவி. உங்க போட்டோவையோ மெசேஜையோ அங்கிருந்து பார்க்க முடியாது. நீங்க வேலையை விட்டா அந்த அறை மட்டும் அழியும். லீவு நாள்ல அந்த ஆப்களை நீங்களே ஆஃப் பண்ணியும் வைக்கலாம். ஐபோனுக்கும் இதே மாதிரி யூஸர் என்ரோல்மென்ட்னு ஒரு முறை 2019-ல ஐஓஎஸ் 13-ஓட வந்துடுச்சு. அதுல கம்பெனியால முழுப் போனையும் அழிக்கவே முடியாது.

ஆனா எல்லா இடத்துலயும் இந்த முறையைத்தான் பயன்படுத்துறாங்கன்னு நினைக்காதீங்க. பழைய முறையில செட் பண்ணி வெச்சிருந்தா, சாதாரணமா ஆபீஸ் மெயிலைச் சேர்க்கும்போதே ஆண்ட்ராய்டு ஒரு பட்டியல் காட்டும். அதுல எரேஸ் ஆல் டேட்டான்னு ஒரு வரி இருக்கும். எச்சரிக்கை இல்லாமலே ஃபேக்டரி ரீசெட் பண்ண அனுமதி கேட்கிற வரி அது. நாம ஸ்க்ரோல் கூட பண்ணாம ஆக்டிவேட் அழுத்துற இடமும் அதுதான்.

சட்டம் காப்பாத்தும்னு முழுசா நம்பிடவும் முடியாது. தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பு சொன்னாங்க, பெரிய விஷயம்தான். ஆனா 2023-ல நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க. வேலை தொடர்பான காரணங்களுக்கும், முதலாளிக்கு நஷ்டம் வராம தடுக்கவும், தனியா சம்மதம் வாங்காமலேயே தரவைக் கையாள அதுல இடம் இருக்கு. எல்லை எதுவரைக்கும்னு நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

என் கருத்து இதுதான். வேலைக்குக் கட்டாயம் தேவைன்னா, போனோ டேப்லெட்டோ கம்பெனிதான் வாங்கித் தரணும். வொர்க்‌ஷாப்புக்கு நாம யாரும் வீட்ல இருந்து லேத் மெஷினைத் தூக்கிட்டுப் போகலயே! அது முடியலன்னா, சொந்தப் போன்ல வொர்க் ப்ரொஃபைல் மாதிரி தனி அறை மட்டும் கேட்கணும், அதுக்கு மேல ஒரு அங்குலமும் கூடாது. செலவுலயும் பங்கு வேணும். வேலைக்காகச் சொந்த மொபைல்ல பேசியே ஆகணும்னா, அந்த பில்லில் நியாயமான ஒரு பங்கை முதலாளி தரணும்னு கலிபோர்னியாவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-லேயே சொல்லிடுச்சு. நமக்கு அப்படி ஒரு தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல. கேட்கலாம்.

"சேர்ந்த முதல் நாளே கேள்வி கேட்டா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?" இந்தப் பயம் எனக்கும் இருக்கு. பிரெஷரா தனியாப் போய் ஹெச்ஆர் முன்னாடி நின்னு கேட்கிறது கஷ்டம்தான். அதனாலதான் இதைத் தனி ஆளா கேட்கக் கூடாதுன்னு சொல்றேன். நம்ம பிளேஸ்மென்ட் செல் ஒவ்வொரு கம்பெனிகிட்டயும் சம்பளம், பாண்ட், வேலை பார்க்கிற ஊர்னு விவரம் வாங்கி நோட்டீஸ் போர்டுல ஒட்டுறாங்க. அதே ஃபார்ம்ல இன்னும் மூணு கேள்வி சேர்க்கட்டும். சொந்தப் போன் கட்டாயமா? கட்டாயம்னா, அட்மினால முழுப் போனையும் அழிக்க முடியுமா, ஆபீஸ் பகுதியை மட்டுமா? வேலையை விட்டுப் போகும்போது என்ன நடைமுறை?

கல்லூரி கேட்டா அது விதிமுறை, நீங்க கேட்டாத்தான் அது அதிகப்பிரசங்கித்தனம். ஜூனியர்ஸ், அடுத்த சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி உங்க கிளாஸ் ரெப் மூலமா இதைக் கொண்டு போங்க. ஏற்கெனவே ஆஃபர் கையில இருக்கிறவங்க, ஜாயினிங் தேதிக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து வீட்டுப் போன்ல இருக்கிறதை ஒரு பென்டிரைவ்லயாவது காப்பி எடுத்து வைங்க. அப்புறம் அந்த மெயில் வரும்போது, ஆக்டிவேட் அழுத்துறதுக்கு முன்னாடி கடைசி வரி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணுங்க.