காற்றில் சொன்ன கடவுச்சொல்

2017 ஏப்ரல் 7-ஆம் தேதி இரவு 11.40 மணியளவில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் சூறாவளி எச்சரிக்கைச் சங்குகள் 156-ம் ஒன்றாக அலறத் தொடங்கின. சூறாவளி ஏதும் வரவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அவை விட்டு விட்டு ஒலித்தன. அவசர உதவி எண்ணான 911-க்கு 4,400-க்கும் மேற்பட்ட அழைப்புகள் குவிந்தன. கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். நகர நிர்வாகம் சொன்ன விளக்கம் வேறு. சங்குகளை இயக்கும் சமிக்ஞை வானொலி அலையில் போவது. அந்தச் சமிக்ஞையை வெளியாள் ஒருவர் அலையில் அனுப்பிவிட்டார். சங்குகளைப் பொறுத்தவரை வந்தது சரியான கட்டளை. அனுப்பியது யார் என்று கேட்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை.

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் ரேடியோ சங்கங்கள் இதைத் தங்களைப் பற்றிய செய்தியாகவே படித்திருக்க வேண்டும். மலை உச்சியிலோ உயரமான கட்டடத்தின் மேலோ நிற்கும் ரிப்பீட்டர், ஓர் அலைவரிசையில் வரும் பலவீனமான குரலை வாங்கி, அதே நேரத்தில் வேறோர் அலைவரிசையில் வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. ஐந்து வாட் வாக்கி-டாக்கியோடு பள்ளத்தாக்கில் நிற்பவர் மலைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிவது அதனால்தான். ஆளில்லாத அந்த இடத்தில் எல்லாவற்றையும் நடத்துவது கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டி. ஒலிபரப்பை எப்போது தொடங்குவது, எத்தனை நிமிடத்தில் துண்டிப்பது, வேறு ஊர் ரிப்பீட்டரோடு இணைப்பைத் திறப்பதா மூடுவதா என்பதெல்லாம் அதன் பொறுப்பு. அதற்குக் கட்டளை கொடுக்க ரேடியோவின் எண்பலகையே போதும். தொலைபேசியில் எண்ணை அழுத்தினால் கேட்குமே, அதே ஒலிதான். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு டோன்கள் சேர்ந்து ஒலிக்கும். கட்டளைக்கு முன்னால் நான்கு அல்லது ஆறு இலக்கத்தில் ஒரு கடவுச்சொல். பெரும்பாலான சங்கங்களின் பாதுகாப்பு ஏற்பாடு அத்தோடு முடிந்துவிடுகிறது.

அலையில் ஒருமுறை ஒலித்த கடவுச்சொல், அதைக் கேட்கக்கூடிய எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல் என்றே கொள்ள வேண்டும். டோன்களை எண்களாக மாற்றிக் காட்டும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவுசெய்து அப்படியே திருப்பி ஒலிக்கச் செய்ய அதுகூட வேண்டாம். இதற்கு மருந்தாகச் சில கன்ட்ரோலர்கள் டோன் வரும்போது மறுஒலிபரப்பை மௌனமாக்கிவிடும். வெளிவரும் அலைவரிசையைக் கேட்பவருக்குத்தான் அது மறைப்பு. ரிப்பீட்டருக்குள் போகும் அலைவரிசையைப் பக்கத்திலிருந்து கேட்பவருக்கு ஒவ்வோர் எண்ணும் தெளிவாக விழும். கடவுச்சொல்லை நீட்டினால் ஊகிப்பவரை மட்டும் தடுக்கலாம். நான்கு இலக்கத்தில் இருப்பது 10,000 சேர்க்கைகள். ஓர் இலக்கத்துக்குப் பத்தில் ஒரு நொடி, ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் ஒரு நொடி இடைவெளி என்று வைத்தாலும் நான்கு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடலாம். ஆறு இலக்கம் என்றால் பதினெட்டு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் நான்குக்கும் பதினாறுக்கும் வேறுபாடே இல்லை.

அப்படியானால் மறையாக்கம் செய்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவின் அமெச்சூர் ரேடியோ விதிகள், பொருளை மறைக்கும் நோக்கில் குறியாக்கிய செய்திகளைத் தடைசெய்கின்றன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிமுறைகளும் நாடுகளுக்கு இடையிலான அமெச்சூர் தொடர்பில் அதையே சொல்கின்றன. தரையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போகும் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைக்கு மட்டும் விலக்கு. இந்தத் தடை நல்ல தடை. பொது அலையில் நடப்பது பொதுவில் கேட்க வேண்டும் என்ற கொள்கையால்தான் இந்த அலைவரிசைகள் வணிகக் கம்பெனிகளின் கைக்குப் போகாமல் நிற்கின்றன. ஆனால் பல சங்கங்கள் இந்தத் தடையைக் காட்டியே கையைக் கட்டிக்கொள்கின்றன. அது தவறான வாசிப்பு. விதி தடுப்பது செய்தியை மறைப்பதை. அனுப்பியவர் யார் என்று நிரூபிப்பதை அல்ல. எல்லோரும் படிக்கத் திறந்து வைத்த கடிதத்தில் கையெழுத்து இருப்பதால் அது ரகசியக் கடிதம் ஆகிவிடாது. கட்டளை என்ன என்பது எல்லோருக்கும் கேட்கட்டும். அதோடு வரும் எண், ஒருமுறைக்கு மேல் செல்லாததாக இருந்தால் போதும்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒட்டுக்கேட்கப்படும் பாதையிலும் பயன்படுத்தக்கூடிய ஒருமுறைக் கடவுச்சொல் முறையை லெஸ்லி லாம்போர்ட் 1981-லேயே எழுதிவைத்தார். வங்கிப் பரிவர்த்தனைக்கு ஓடிபி கேட்டுப் பழகிய நமக்கு அந்த எண்ணம் அந்நியமல்ல. 2005-இல் வெளியான திறந்த தரம் ஒன்று, இரு பக்கமும் வைத்திருக்கும் ரகசியத்தையும் ஓர் எண்ணிக்கையையும் கொண்டு ஆறு இலக்க எண்ணை உருவாக்குகிறது. இணையம் எட்டாத மலைக்கு இது மிகப் பொருத்தம், ஏனென்றால் சரியான கடிகாரம்கூடத் தேவையில்லை. இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை: அனுப்பிய எண் ரிப்பீட்டருக்குப் போய்ச் சேராதபடி அலையை அடைத்துவிட்டு, அதை ஒருவர் பிறகு பயன்படுத்தலாம். 2011-இல் வந்த நேர அடிப்படை வடிவம் அந்த வாய்ப்பை அரை நிமிட அளவுக்குச் சுருக்குகிறது; ஜிபிஎஸ் கடிகாரம் இருக்கும் இடத்தில் அதையே தேர்வுசெய்யலாம். இன்று பல ரிப்பீட்டர்களை நடத்துவது ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள். அவற்றில் இதைச் சேர்ப்பது மென்பொருள் வேலை மட்டுமே. முப்பது வருடப் பழைய கன்ட்ரோலரில் இது முடியாதுதான். அங்கே அலை வழியாக ஏற்கும் கட்டளைகளைக் குறைக்கலாம். அமைப்புகளை மாற்றும் தலைமைக் குறியீட்டை நிலையத்துக்கு நேரில் போய் மட்டுமே பயன்படுத்தலாம். நிலையத்தை நிறுத்தத் தொலைபேசி இணைப்பு போன்ற தனி வழியை வைக்கலாம்.

கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றச் சொல்வது பழைய யோசனை, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே அதைக் கைவிட்டுவிட்டது என்று சிலர் எதிர்வாதம் வைக்கக்கூடும். நிஸ்ட் பேசியது இணையக் கணக்குகளைப் பற்றி. அங்கே கடவுச்சொல் மறையாக்கப்பட்ட பாதையில் போகிறது. இங்கே ஒவ்வொரு பயன்பாடும் ஓர் அறிவிப்பு. நிலையான குறியீட்டை விட முடியாத சங்கம், அதை அலையில் பயன்படுத்திய ஒவ்வொரு முறைக்குப் பின்னும் மாற்றத்தான் வேண்டும். கையேட்டில் அச்சாகிவரும் ஆலைக் குறியீட்டை அப்படியே விட்டுவைப்பதற்கோ எந்தச் சமாதானமும் கிடையாது. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், அறுபதுக்கும் சற்று மேற்பட்ட ஆலைக் கடவுச்சொற்களின் பட்டியலை வைத்தே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

பொழுதுபோக்குச் சங்கத்தின் ரிப்பீட்டரை யார் தாக்கப்போகிறார்கள் என்பது அந்த எதிர்வாதத்தைவிடக் கனமான கேள்வி. 2023 ஆகஸ்டில் போலந்தின் ஷ்செச்சின் நகரை ஒட்டிச் சுமார் 20 ரயில்கள் நடுவழியில் நின்றன. 150 மெகாஹெர்ட்ஸ் அலையில் மூன்று டோன்களை யாரோ ஒலிக்க, ரயில்கள் அவசர நிறுத்தக் கட்டளையாக அதை ஏற்றுக்கொண்டன. அடையாளம் கேட்காதது அங்கே பிழையால் அல்ல. ஆபத்தைக் கண்ட ஊழியர் எவரும் ரயிலை நிறுத்த முடிய வேண்டும், நின்ற ரயில் பாதுகாப்பான ரயில் என்று எண்ணி அப்படி வடிவமைத்திருந்தார்கள். ரிப்பீட்டருக்கு அந்த நியாயமும் பொருந்தாது. வெள்ள நாளில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்தபின் மீட்புக் குழுக்களைச் சேர்த்துவைக்கும் நிலையத்தில், நின்றுபோவதுதான் சேதம்.

அவசர நேரத்தில் ஓடிபி தேடிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்களின் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் ரிப்பீட்டர் வழியாகப் பேச யாரும் கடவுச்சொல் அழுத்துவதில்லை. பேச்சு எப்போதும் போல் திறந்தே இருக்கும். குறியீடு தேவைப்படுவது கட்டுப்பாட்டுப் பொறுப்பில் உள்ள சிலருக்கு மட்டும். அந்தச் சிலர் யார் என்பதையே பல இடங்களில் யாரும் எழுதிவைப்பதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. தலைமைக் குறியீடு ஒரே ஒருவர் நினைவில் இருந்தால், அவர் நோயில் விழும் நாளில் சங்கம் தன் நிலையத்துக்கே அந்நியமாகிவிடும். பத்துப் பேருக்கு ஒரே குறியீடு என்றால், விலகிப்போன ஒருவரை நீக்க மற்ற ஒன்பது பேரின் குறியீடும் மாற வேண்டும். ஆளுக்கொரு குறியீடும், எப்போது யாருடையது பயன்பட்டது என்ற பதிவும், நிர்வாகக் குழு மாறும் கூட்டத்திலேயே கணக்குப் புத்தகத்தோடு முத்திரையிட்ட உறையில் தலைமைக் குறியீட்டை ஒப்படைக்கும் வழக்கமும் வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் எந்தச் சங்கமும் செய்துமுடிக்கலாம்.