விசுவாசம் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை

தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் புத்தாண்டு ஆராதனையிலும் வாலிபர் கூட்டங்களிலும் கன்வென்ஷன் பந்தல்களிலும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: என் வாழ்க்கையைக் குறித்துக் கடவுளின் சித்தம் என்ன? படிப்பை முடித்த இளைஞரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே ஆர்வத்தோடு கேட்கும் கேள்வி இது. பதிலைப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே தேடுகிறார்கள். உபவாச ஜெபத்தில், கனவில், டிசம்பர் 31 இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் ஓர் அடையாளம் கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். ஜெபத்தின் மதிப்பைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஆனால், நற்செய்தி நூல்களிலும் திருச்சபை வரலாற்றிலும் பதில் வேறு திசையிலிருந்தே அதிகம் வந்திருக்கிறது. துன்பப்படும் ஒருவர் எதிரே வந்து நிற்கிறார். அவருடைய தேவையே அழைப்பாகிறது. அதைக் கண்டு இரங்குவது முதல் படி. அந்தத் தேவையைத் தீர்க்கும் திறமையை ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்றுக்கொள்வது அடுத்த படி. இந்த இரண்டாம் படியும் விசுவாசத்தின் பகுதிதான். நம் சபைகள் அதைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை.

லூக்கா நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் உவமை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருடைய இரக்கத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கவனிப்பவர்கள் குறைவு. வழியில் அடிபட்டுக் கிடந்தவரின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுப் போட்டார். அந்தக் காலத்தில் தெரிந்த வைத்தியம் அது. தன் வாகனத்தில் அவரை ஏற்றினார். சத்திரத்தில் சேர்த்து, அன்றிரவு கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். மறுநாள் சத்திரக்காரரிடம் பணம் கொடுத்தார். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். வைத்தியம், வாகனம், தங்க இடம், பணம், மறுபடி வந்து பார்க்கும் பொறுப்பு என்று அடிபட்டவருக்கு எது வேண்டுமோ அது நடந்தது. அவரைக் கண்டும் விலகி முன்னே போன ஆசாரியரும் லேவியரும் வேதம் அறியாதவர்கள் அல்லர். அடிபட்டவர் யார், எந்த மதம் என்ற கேள்விக்கு உவமையில் இடமே இல்லை.

இதே பாடத்தை நம் மண்ணில் வேலூரில் படிக்கலாம். 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், இங்கே பல தலைமுறைகளாக ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தின் பெண். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. ஐடாவுக்கோ அந்த வாழ்க்கையில் விருப்பம் இருக்கவில்லை. தாயின் உடல்நலக் குறைவால் திண்டிவனத்தில் வந்து தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து அவரை அழைத்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் உயர்சாதி இந்து. மருத்துவரான ஐடாவின் தந்தை வரத் தயாராக இருந்தும், ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்களுடைய வழக்கம் இடம் தரவில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இரக்கம் மட்டுமே போதும் என்றால் ஐடா மறுநாளே அந்த வீடுகளுக்குப் போய் ஆறுதல் சொல்லி, ஜெபித்துவிட்டு வந்திருக்கலாம். அவரோ அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். 1902-இல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் சாலையோரக் கிராமங்களுக்குத் தேடிப்போய் வைத்தியம் பார்த்தார். ஒரு மருத்துவரால் ஒரு மாவட்டத்துக்கே பிரசவம் பார்க்க முடியாது என்பது விரைவில் தெரிந்தது. அதனால் 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. செவிலியருக்குப் பட்டப்படிப்பு இந்தியாவில் அறிமுகமானபோது, 1946-இல் அதைத் தொடங்கிய முதல் கல்லூரிகளில் வேலூரும் ஒன்று. திண்டிவனத்தில் அந்த இரவில் தேவைப்பட்டது பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண். அந்தக் குறைக்கு அவர் கொடுத்த பதில் பாடத்திட்டமாகவும் தேர்வாகவும் விடுதியாகவும் வளர்ந்தது. உடற்கூறியல் புத்தகத்தோடு அவர் விழித்திருந்த இரவுகளையும் ஆராதனையின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில், கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் எலும்பு அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் மடங்கி விறைத்த கைகளைக் கண்டார். தொழுநோயால் சதை தானாகவே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த காலம் அது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். சாவி அவன் விரலை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழித்திருந்தது; அவனுக்கு அது தெரியவே இல்லை. நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்ற உண்மை இப்படிப்பட்ட கவனிப்புகளால் தெளிவானது. முழங்கையின் கீழே நன்றாக இருக்கும் தசைநாண்களை இடம்மாற்றி, விரல்களை மறுபடி இயங்கவைக்கும் அறுவைச் சிகிச்சையை அவரும் உடன் உழைத்தவர்களும் செம்மைப்படுத்தினார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் அது மருத்துவச் சாதனையாக மட்டும் நின்றிருக்கும். கை சரியானவர்களில் சிலர் திரும்பி வந்து ஒரு குறை சொன்னார்கள்: இந்தக் கையைப் பார்த்து இப்போது யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோயாளி என்பதால் யாரும் வேலையும் தருவதில்லை. நன்றியை எதிர்பார்த்துச் செய்த சேவையாக இருந்தால் இந்தப் பேச்சு கோபத்தைத்தான் தந்திருக்கும். வேலூரிலோ அது அடுத்த வேலைக்குத் தொடக்கமானது. வளாகத்திலேயே நோயாளிகள் தங்கித் தச்சு போன்ற தொழில்களைக் கற்க ஓர் இல்லம் அமைத்தார்கள். அங்கும் சிலருடைய விரல் நுனிகள் இரவோடு இரவாகக் காணாமல்போயின. காவலிருந்து பார்த்தபோது, உணர்வற்ற விரல்களை எலிகள் கடித்துத் தின்றது தெரிந்தது. ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். உணர்வற்ற பாதங்களுக்காக மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பின் வரலாறு அங்கேதான் போகிறது. அறுவைச் சிகிச்சை, தச்சு, பூனை, செருப்பு என்று வேலை ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்ததற்குக் காரணம், அதை வழிநடத்தியவர் நோயாளி. எது போதும் என்பதைச் சேவை பெறுபவரே சொல்ல வேண்டும்.

உடல் வலிமை போனால் நோக்கமும் போய்விடும் என்று அஞ்சுவோருக்கு மேரி வர்கீஸின் வாழ்க்கை பதில் சொல்கிறது. வேலூரின் இளம் மருத்துவரான அவர், 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கான துறையை வேலூரில் வளர்த்தெடுத்தார். ஊனமுற்ற பிறகும் அவர் புதிதாகப் படிக்கப் போனார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, சபைக்குள்ளிருந்தே வருவது. மீட்பு கிருபையால் கிடைப்பது, செயல்களால் சம்பாதிப்பதன்று. ஆத்துமாவைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் மருத்துவமனையும் பள்ளியும் எதற்கு என்கிறார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, கடைசி ஆண்டுகளில் கோபன்ஹேகன் மிஷன் நிர்வாகத்திடமிருந்து எதிர்கொண்டதும் இதே கண்டனம்தான். ஆத்தும சேவையும் உடலுக்கான சேவையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அவருடைய நிலைப்பாடு. கிருபையால் மீட்பு என்ற போதனையை ஏற்பவருக்குத்தான் இந்தச் சேவை உண்மையில் எளிதாக வேண்டும். புண்ணியக் கணக்கைப் பற்றிய கவலை அவருக்கு இல்லை. கடவுளிடம் தன் இடம் உறுதி என்று நம்புபவர், தன்னை மறந்து எதிரே இருப்பவரின் புண்ணைக் கவனிக்கலாம். யாக்கோபின் நிருபம் செயலற்ற விசுவாசத்தைச் செத்தது என்று சொல்வதும் இதைக் கருதித்தான்.

இரண்டாவது மறுப்பு வெளியிலிருந்து வருவது: கிறிஸ்தவர்களின் சேவை மதமாற்றத்துக்கான தூண்டில். இந்தச் சந்தேகத்தை வெறும் பகைமை என்று தள்ளிவிடக் கூடாது. பசியில் இருப்பவரிடமோ நோயில் கிடப்பவரிடமோ மதத்தைப் பற்றிப் பேசும்போது, மறுக்கும் சுதந்திரம் அவருக்கு முழுமையாக இருப்பதில்லை. தன் நம்பிக்கையை அறிவிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு எல்லாருக்கும் தருகிறது. அந்த உரிமையைக் காக்க வேண்டும். ஆனால், அதைப் பயன்படுத்தும் இடம் நோயாளியின் கட்டிலாக இருக்கக் கூடாது. பிரதிபலன் கேட்கும் உதவி வியாபாரம் என்பதைக் கிறிஸ்தவர்களே முதலில் சொல்ல வேண்டும். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில், பசித்தவருக்கு உணவும் நோயாளிக்குத் துணையும் தந்தவர்கள் தாங்கள் யாருக்கு அதைச் செய்தோம் என்பதையே அறிந்திருக்கவில்லை. கணக்கு வைக்காத அந்தச் சேவையே அங்கே பாராட்டப்படுகிறது.

மூன்றாவதாக, இதெல்லாம் அரசின் கடமை, தர்மத்தால் உரிமை மழுங்கும் என்கிறார்கள். கடமை அரசுடையதுதான். ஆனால், அரசுத் திட்டத்தின் கை எட்டாத இடத்தை முதலில் பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். தோலில் உணர்ச்சியற்ற தேமலைக் கண்டு, ஒருவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போவது அரசின் வேலையைப் பறிப்பதாகாது. அங்கே மருந்து இல்லையென்றால் கேள்வி கேட்பதும் சேவைதான். அரசு மருத்துவமனையில் இரவுப் பணியை முகம் சுளிக்காமல் செய்யும் செவிலியர் எந்த மிஷனரிக்கும் குறைந்தவர் அல்லர்.

எல்லாராலும் ஐடா ஸ்கடர் ஆக முடியாது என்பது உண்மை. ஆனால், ஒரு மணி நேரத்தில் கற்கக்கூடிய திறமைகளும் உயிரைக் காக்கின்றன. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண்ணைப் பெருமளவு தடுக்கலாம். அதைச் செய்யத் தெரியாத பிள்ளைகள்தான் பல வீடுகளில் அழுதுகொண்டு நிற்கிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு சபையிலும் ஓய்வுபெற்ற செவிலியர், வங்கி ஊழியர், ஆசிரியர் இருப்பார்கள். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதவும் கண்புரை அறுவைக்கு அழைத்துப்போகவும் தடுமாறும் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தரவும் அவர்களால் முடியும். கிறிஸ்துமஸுக்குச் சேலை வழங்கிப் படம் எடுப்பதைவிட, ஒரு தெருவின் ஒரு தேவையை ஆண்டு முழுவதும் சுமப்பது கடினம், பயனும் அதிகம். அதே சபையில் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்துவைத்திருந்தால், எந்தச் சேவையும் அந்தக் குற்றத்தை மூடாது. தொடாமல் தள்ளிவைத்தவரின் தேவையை யாராலும் கேட்டறிய முடியாது.

ஆகவே, சபைகளின் ஆண்டறிக்கையில் காணிக்கை வரவுக்கும் கட்டடச் செலவுக்கும் அடுத்ததாக இரண்டு கேள்விகள் இடம்பெற வேண்டும்: இந்த ஆண்டு நம் ஊரில் யாருடைய தேவையை அறிந்துகொண்டோம்? அதைத் தீர்க்க எந்த வேலையைக் கற்றுக்கொண்டோம்? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் எழுதும் சபையில், கடவுளின் சித்தம் எது என்று தேடும் இளைஞர்கள் நீண்ட நாள் காத்திருக்கத் தேவையிருக்காது.