உயரத்தோடு மாறும் உடலளவு

சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் காவ்ரீல் இலிசரோவ் வளர்த்தெடுத்த எலும்பு நீட்டிப்பு முறை, முறிந்த எலும்பு கூடாமலும் ஒரு கால் குட்டையாகவும் தவித்தவர்களுக்கானது. எலும்பை வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளரும். அதையே இன்று எந்தக் குறையும் இல்லாத இளைஞர்கள் உயரத்துக்காக நாடுகிறார்கள். வலியையும் செலவையும் பேசுகிறோம். உடலின் விகிதத்தைப் பேசுவதில்லை. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு, தொடை எலும்பின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. அதை மட்டும் ஆறு சென்டிமீட்டர் நீட்டினால் இரண்டுக்கும் உள்ள நீள வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும். கைகளும் உடற்பகுதியும் பழைய அளவிலேயே நிற்கும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் இறுகி, குதிகால் தரையில் பதியாமல் போவதும் உண்டு.

'என் உடல், என் உரிமை' என்பார்கள். சரிதான், ஆனால் எல்லாம் அறிந்து எடுக்கும் முடிவுதானே உரிமை? உடையணிந்தால் சிறு மாற்றம் தெரியாது என்பதும் உண்மையே. அந்தச் சிறு அளவோடு நிறுத்த மனம் ஒப்புவதில்லை என்பதுதான் கவலை. பிறவிக் குருத்தெலும்புக் குறைபாட்டால் கைகால் குட்டையானவர்களுக்கு இதே சிகிச்சை விகிதத்தைச் சீராக்குகிறது. அவர்களைக் காட்டி மற்றவர்களுக்கு நியாயம் சொல்லக் கூடாது. சீனா 2006இல் அழகுக்கான நீட்டிப்பைத் தடைசெய்தது. நான் தடை கேட்கவில்லை. கத்தியை எடுக்குமுன் கை விரிப்பு, அமர்ந்த உயரம், தொடை, கணைக்கால் நான்கையும் அளந்து, நீட்டியபின் உடல் எப்படியிருக்கும் என்று படமாகக் காட்டுவதையும், மனநல ஆலோசனையையும் மருத்துவர்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.